வலையில் விழாத பந்து

பன்னிரண்டாவது தடவையும் பந்து கோட்டுக்குள்ளேதான் விழுந்தது. வேறே எங்கே போய் விழும், அதற்குத்தானே எல்லாவற்றையும் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று பாக்கியசீலி பல்லைக் கடித்துக்கொண்டாள். டிவியில் நீலச் சட்டைப் பொம்மை, அதுதான் அவள் புருஷன் ஜெயசிங், மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதித்தது. கூட்டம் கைதட்டியது. வாணவேடிக்கை வெடித்தது. சிவப்புப் பாவாடைப் பொம்மை, அதுதான் அவள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. அவள் ஒன்றும் தலையைத் தொங்கப் போடவில்லை, அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. "சூப்பர் அங்கிள்!" என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து ஹெப்சி குரல் கொடுத்தாள். யாரோ ஒரு பாட்டியின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டே, திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு சூப்பர். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிற பிசியோதெரபி அறை. பக்கவாதம் வந்து கை விழுந்துபோனவர்களுக்கு இங்கே டிவியில் டென்னிஸ் விளையாடக் கொடுப்பார்கள். விளையாட்டு சாக்கில் விரல் அசையும், அசைய அசைய மூளை வழி கண்டுபிடிக்கும் என்று முதல் நாள் ஹெப்சி படம் போட்டு விளக்கினாள். அசையட்டும், வழி கிடைக்கட்டும், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அசைவது எந்தக் கை? ஜெயசிங்கின் வலது கை தொடைமேல் நனைந்த துண்டு மாதிரி கிடந்தது. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு இடது கையின் ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார், காலிங் பெல் அடிப்பதைப்போல. அதற்கு வாணவேடிக்கை. அதற்குச் சுவரில் அவர் பேருக்கு நேராக ஒட்டின பதினெட்டு நட்சத்திரம். மூணு மாசம்தான் வாசல் திறந்திருக்கும் அம்மா, அதுக்குள்ள வர்றதுதான் வரும் என்று பெரிய டாக்டர் சொல்லிப் பதினோரு வாரம் ஆகிவிட்டது. இன்றைக்கு இங்கே கடைசி நாள். மதிப்பெண் முழுசாக வந்துவிட்டதாம், இனி மாதம் ஒருமுறை வந்தால் போதுமாம்.

போதுமாம். யாருக்குப் போதும்? மதிப்பெண் வாங்கினது அந்த மிஷின். அவளுக்குத் தெரியாதா இந்த விளையாட்டை? மகன் ஆன்டன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது வீட்டில் போட்டுவிட்டுப்போன பழைய விளையாட்டுப் பெட்டியில் இதே டென்னிஸ்தான் இருந்தது. தூசி துடைக்கிறேன் என்று எடுத்துத்தான் அவள் முதலில் தொட்டாள். பிறகு அவர் பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டின மனுஷன் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற வண்டிகளை ஒவ்வொன்றாகத் திட்ட ஆரம்பித்ததும், "ஏங்க அத்தான், இதையாவது ஓட்டுங்க" என்று இன்னொரு கன்ட்ரோலரை அவர் கையில் திணித்தாள். இடது கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், அது பொம்மையை ஓட்டும். வலது கட்டைவிரலுக்கு நாலு பொத்தான். பெருக்கல் குறி போட்டது சாதா அடி. வட்டம் போட்டதை அழுத்தினால் பந்து சுழன்று போய்க் குத்தித் துள்ளும். சதுரம் சீவல், பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு போகும். முக்கோணம் தூக்கு. இங்கிலீஷ் பேரெல்லாம் ஆன்டன் போனில் சொன்னான், அவள் வாயில் அது நிற்கவில்லை, சீவலும் தூக்கும் போதுமாக இருந்தது. இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. சதுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே குமிழைப் பின்னால் இழுக்கவேண்டும். இரண்டு கையும் ஒரே நொடியில் வேறே வேறே வேலை செய்யவேண்டும். அப்போது பந்து வலைக்கு அந்தப் பக்கம் சொட்டென்று விழுந்து அங்கேயே செத்துப்போகும். சொட்டு. அது அவருடைய அடி. அவளை நாலு பந்து பின்னால் பின்னால் தள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, ஐந்தாவதைச் சொட்டாகப் போடுவார். அவள் பொம்மை ஓடிவரும், ஓடிவரும், வந்து சேர்வதற்குள் பந்து இரண்டு குத்துக் குத்தியிருக்கும். உடனே அவர் திரும்பி, கண்டக்டர் விசில் கொடுப்பதைப்போல உதட்டைக் குவித்து ஒன்று ஊதிவிட்டு, "பஸ் போயிட்டுட்டி!" என்பார். எத்தனை நாள் அந்த வார்த்தைக்காகவே அவர் மேல் தலையணையை எடுத்து வீசியிருக்கிறாள். "அடிக்கதுல என்னட்டி இருக்கு, அடுத்த வளைவுல என்ன வருதுன்னு இந்த வளைவுலயே தெரியணும், பாவநாசம் மலையில அப்படித்தான் வண்டி ஏத்துனேன்" என்று பெருமை வேறே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். கணக்கும் பூகோளமும் மறந்துபோயிற்று. ஆனால் ஐந்தாவது பந்துக்காக முதல் பந்தை எங்கே அடிப்பது என்று அந்த டிவியின் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள், அதை யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கே என்ன இருக்கிறது? ஒரே பொத்தான். பொம்மை தானாக ஓடுகிறது, தானாக நிற்கிறது, பந்து வருகிற பக்கம் தானாகத் திரும்புகிறது. முந்தி அழுத்தினாலும் அடிக்கும், பிந்தி அழுத்தினாலும் அடிக்கும். சீவலா சுழலா என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். எதிராளியை மூலைக்குத் தள்ளி என்ன பிரயோசனம், நீ தள்ளுகிற மூலையில் அந்தப் பொம்மை உனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கும். பிறகு யார் யோசிக்கப்போகிறார்கள்? எதை யோசிக்க? வலையில் ஒரு பந்தும் விழுவதில்லை. அப்புறம் வலை எதற்கு? கோட்டைத் தாண்டி ஒரு பந்தும் போவதில்லை. கோடு எதற்கு, கோலத்துக்கா? போன வாரம் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்க்கலாமே என்று அவள் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தாள். வலையைப் பார்த்துத்தான் அடித்தாள், பந்து வலைக்கு மேலே ஒரு முழம் தள்ளி அழகாகப் போயிற்று. சரி என்று பொத்தானையே தொடாமல் கன்ட்ரோலரைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். சிவப்புப் பாவாடை தன்பாட்டில் ஓடியது, தன்பாட்டில் மட்டையை வீசியது, ஒரு பாயின்டும் எடுத்தது. அவள் செத்துக் கிடந்தாலும் இது விளையாடும். ஜெயிக்க விடாவிட்டால் போகிறது, ஒரு மனுஷிக்குத் தன் புருஷனிடம் தோற்கக்கூட உரிமை கிடையாதா? அன்றைக்கே ஹெப்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினாள். "பாரும்மா, நாற்காலி விளையாடுது பாரு." ஹெப்சி சிரித்தாள், நல்ல பிள்ளைதான், வேலையிலும் குறை சொல்ல முடியாது. "ஆன்ட்டி, இது பேஷன்ட்டுக்கான ஈசி மோடு. பாயின்ட் வந்தாதான் அவங்களுக்கு ஒரு உற்சாகம் வரும்." "வலது கையே அசையலையேம்மா." "அசையும். மொதல்ல மனசு." "வீட்ல உள்ளதுல நாலு பொத்தான் உண்டும்மா, அத வச்சா இடது கை குமிழுக்குப் போயிரும், வலது கை வேற வழியில்லாம வந்துதான் ஆவணும்." அந்த நேரத்தில்தான் ஹெப்சி அதைச் சொன்னாள். கோபமில்லாமல், தாழ்ந்த குரலில். "மொத வாரம் அந்த நாலு பட்டனோடதான் ஆன்ட்டி வச்சேன். ஒரு பாயின்ட் எடுக்க முடியாம கன்ட்ரோலரத் தூக்கி எறிஞ்சிட்டு அங்கிள் அழுதாங்க. ரெண்டு நாள் வரமாட்டேன்னுட்டாங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. எதை மறக்க முடிகிறது? அழுதார்தான். வாய் கோணி, சத்தம் வராமல், மூக்கு ஒழுக, அவளே தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த அழுகைக்குப் பிறகுதான் எல்லாம் சரி சரி என்று ஆனது. இட்லியா தோசையா என்றால் சரி. ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் சரி. ஆன்டன் போனில் வந்து எப்பா எப்படி இருக்கீங்க என்றால் அதற்கும் சரி. ஒரு காலத்தில் காப்பியில் ஒரு சிட்டிகை சீனி கூடினால் வீட்டையே இரண்டாக்குகிற மனுஷனுக்கு இப்போது இருப்பது ஒரே வார்த்தை, ஒரே பொத்தான், எப்போது அழுத்தினாலும் சரிதான். பார்த்தாயா, அவரையும் ஈசியாக்கி வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. யார் வைத்தார்கள்? இந்தப் பிள்ளையா? காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டது யார்? சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, இடது கையில் கரண்டியைச் செருகினது யார்? சபையிலிருந்து ஆட்கள் பார்க்க வந்து, அண்ணாச்சி எப்படி இருக்கீங்க என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது, அவர் வாய் மெதுவாகத் திறப்பதற்குள், இப்போ பரவால்ல அண்ணே, ஜெபத்துல வச்சுக்கிடுங்க என்று முந்திக்கொண்டு பதில் சொன்னது யார்? அந்த வாய் திறந்தபடியே நின்று, பிறகு மூடிக்கொள்வதை அவள் பார்க்கத்தான் செய்தாள். பார்த்துக்கொண்டே காப்பி கொண்டுவரப் போனாள். பந்து வருமுன் ஓடி, அவருக்காக நின்று, அவருக்காக அடித்து. சே, அது வேறே இது வேறே. கட்டின பெண்டாட்டி செய்யாமல் யார் செய்வது? மிஷின் செய்வதும் பெண்டாட்டி செய்வதும் ஒன்றா? ஒன்றில்லை. ஒன்றில்லையா?

ஒன்றில்லை, ஏனென்றால் மிஷினுக்குப் பயம் கிடையாது. அவளுக்கு இருந்தது. எதைத் தொட்டாலும் கடைசியில் அந்த மத்தியானத்தில் போய்த்தான் முட்டும். ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, இரண்டு பேரும் டிவி முன்னால். அவர் தூக்கிப்போட்டு அடிக்கவேண்டிய முறை. வலையில் அடித்தார். மறுபடியும் வலை. "என்ன அத்தான், சாப்பாடு கூடிப்போச்சா?" என்று அவள் சிரித்தாள். அடுத்த பந்து வந்ததும் நீலச் சட்டை ஒரு ஓரமாக அசையாமல் நின்றது. அது அவருடைய பழைய வித்தை. தூங்குகிறவன் மாதிரி ஓரமாக நிற்பார், அந்தப் பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கும், ஆசைப்பட்டு அங்கே அடித்தால் ஒரே ஓட்டமாக வந்து கதையை முடிப்பார். எத்தனை தடவை ஏமாந்திருக்கிறாள். இன்றைக்கு ஏமாறமாட்டேன் என்று காலி இடத்தை விட்டுவிட்டு அவர் நிற்கிற இடத்துக்கே அடித்தாள். பந்து அவர் பொம்மையை உரசிக்கொண்டு போயிற்று. இதுவும் வித்தைதான் என்று நினைத்தாள். இன்னொரு பந்து. இன்னொன்று. மூன்று பாயின்ட். வலதுகைக் கட்டைவிரல் அப்போதே செத்துக்கொண்டிருந்திருக்கிறது, அவள் அதைத் தந்திரம் என்று எண்ணி எண்ணிப் பாயின்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சந்தோஷம் தாங்காமல், ஆயுளில் முதல்முறையாக, அவருடைய வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்தாள். "பஸ் போயிட்டு அத்தான்!" அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கன்ட்ரோலர் மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். எல்லாருக்கும் சொல்லுவாராக இருக்கும். எத்தனை முந்தி என்று அவள் கேட்கவில்லை. மூன்று பாயின்ட் முந்தியா? அதைக் கேட்டு வாங்கி எங்கே வைத்துக்கொள்வது?

"ஆன்ட்டி, பாட்டிக்கு வென்னீர் ஒத்தடம் எடுத்துட்டு வர்றேன், அங்கிளுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று ஹெப்சி திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் காலிங் பெல் அடித்துவிட்டுப் பத்தொன்பதாவது நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போய் மீனில் முள் எடுக்கலாம். அவள் கை தன்னால் நடுப் பொத்தானை அழுத்தியது. ஆட்டம் நின்று பட்டியல் வந்தது. எழுத்துக் கூட்டித்தான் இங்கிலீஷ் வாசிப்பாள், ஆனால் வாசிக்கத் தேவையிருக்கவில்லை, பல்சக்கரப் படத்துக்குள் போனால் இரண்டு படம் இருந்தது. ஒரே பொத்தான் போட்ட படம். நாலு பொத்தான் போட்ட படம். எறிந்துவிட்டால்? மறுபடியும் அழுதால்? இந்தப் பதினோரு வாரத்தில் சிரிப்பென்று அவர் முகத்தில் ஒன்று வந்தது என்றால் இந்த இழவு வாணவேடிக்கையைப் பார்த்துத்தான். அதையும் பிடுங்கவா? என்னம்மா எட்டாங்கிளாஸ், பெரிய டாக்டராயிட்டியா என்று யாரோ கேட்பதுபோல் இருந்தது. யாரும் கேட்கவில்லை. சுவரில் ஹெப்சியின் சான்றிதழ் கண்ணாடிக்குள் தொங்கியது. தனக்காகத்தான் செய்கிறாளோ, தனக்கு விளையாட ஆள் வேண்டும் என்றுதானோ, அந்த மூன்று பாயின்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதானோ? இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்தட்டுமா அத்தான்?" என்று கேட்டாள். "சரி" என்றார். அந்தச் சரிதான் அவளுக்குக் கடைசித் தைரியத்தைக் கொடுத்தது. எதை மாற்றுகிறாள் என்று தெரியாமலே சொன்ன அந்தச் சரியைக் கேட்டதும் வந்த கோபத்தில் நாலு பொத்தானை அழுத்தினாள்.

முதலில் அவள் முறை. பந்தைத் தூக்கிப்போட்டு அடித்தாள். அவர் ஆள்காட்டி விரலால் பெல்லை அழுத்தினார். நீலச் சட்டை நின்ற இடத்தில் நின்று காற்றை வீசியது, பந்து தூரத்தில் போயிற்று. அவர் திரையைப் பார்த்தார், மிஷின் கெட்டுப்போனது என்று நினைத்திருப்பார். இரண்டாவது பந்தும் அப்படியே. வாணவேடிக்கை இல்லை. மூன்றாவதுக்கு அவர் இடது கட்டைவிரல் மெல்ல ஊர்ந்து குமிழைக் கண்டுபிடித்தது. நீலச் சட்டை ஓடியது, அட, பந்துக்கு நேராகவே ஓடிப்போய் நின்றது. ஆனால் அடிக்க விரல் இல்லை. பந்து அதன் நெஞ்சுக்கு முன்னால் கடந்து போயிற்று. அவர் குனிந்து தொடைமேல் கிடந்த வலது கையைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. நாலாவதும் போனதும் முகம் இறுகியது, உதடு ஒரு பக்கமாக இழுத்தது. "வேண்...டாம்" என்றார். வேண்டாம் என்கிறார். சரி என்கிற வார்த்தை இல்லை இது. இத்தனை வாரத்துக்குப் பிறகு, வேண்டாம். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியாமல், திரைச்சீலைப் பக்கம் ஒரு கண்ணும் அவர் பக்கம் ஒரு கண்ணுமாக, "அடுத்தது உங்க முறை அத்தான்" என்று மட்டும் சொன்னாள். கை தானாக நீண்டது, அவருடைய வலது கையைத் தூக்கிக் கன்ட்ரோலரில் வைத்துக் கொடுப்பதற்கு. பாதியில் அதை இழுத்து, தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். உட்காருடி, ஒருநாளாவது கையைக் கட்டிக்கொண்டு உட்காரு.

நேரம் போயிற்று. எவ்வளவோ போனதுபோல் இருந்தது, சுவர்க் கடிகாரத்தில் ஒன்றும் போகவில்லை. அவர் இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். கன்ட்ரோலரின்மேல் வைத்தார். சரிந்தது. மறுபடியும் வைத்தார். ஒவ்வொரு விரலாக மடக்கினார், பஸ்ஸில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறபோது மடக்குவதைப்போல. கட்டைவிரல் நடுங்கியது, பொத்தானைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது. அழுத்தினார். பந்து மேலே போயிற்று. இன்னொருதரம் அழுத்தவேண்டும், அதற்குள் பந்து இறங்கிவிட்டது, பாதி அடியாகப் பட்டு நேராக வலையில் போய் விழுந்தது. வலை அசைந்தது. இத்தனை வாரமாகப் படமாக நின்றுகொண்டிருந்த வலை, பந்து பட்டு உள்ளே குழிந்து அசைந்தது. இன்னொரு பந்து, மறுபடியும் வலை. மூன்றாவது மெதுவாக, சொர்ணக் காசு உருண்டு வருவதுபோல, வலைக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது. வந்துவிட்டதே, இதை என்ன செய்வது? இப்போது அவளால் எல்லாம் முடியும். தோற்கலாம், வலையில் அடிக்கலாம், கோட்டுக்கு வெளியே அடிக்கலாம், பூப்போல அவர் மட்டைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அவர் காய்ச்சல் விட்டு எழுந்த ஒரு நாளில் உட்கார்ந்து விளையாடியபோது பாவம் என்று ஒரு பாயின்ட் விட்டுக்கொடுத்தாள். உடனே கண்டுபிடித்துவிட்டார். "பிச்சை போடுதியாட்டி?" என்று கேட்டு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை எழும்பிப் போய்த் தானே போட்டுச் சாப்பிட்டார். வேண்டாம் சாமி, பிச்சை வேண்டாம். பின்கோட்டைப் பார்த்து ஓங்கி அடித்தாள். நீலச் சட்டை பின்னால் ஓடியது. திருப்பி அடித்தது! அவள் மறு மூலைக்குத் தள்ளினாள். அதையும் இழுத்து அடித்தது, பந்து உயரமாக வந்து அவளைக் கோட்டுக்குப் பின்னால் தள்ளியது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு அவள் டிவியைப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் அவர் மடியைப் பார்த்தாள். இடது கட்டைவிரல் குமிழைப் பின்னால் இழுத்தது. வலது கட்டைவிரல், அந்த நடுங்குகிற, நகம் வெட்ட மறந்துபோன விரல், பெருக்கலிலிருந்து சதுரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அரை அங்குலம். பாவநாசம் மலையே ஏறுகிறமாதிரி ஒரு அரை அங்குலம். ஐயோ, சொட்டு! அவள் தன் குமிழை முன்னால் தள்ளினாள், சிவப்புப் பாவாடை பறந்துகொண்டு வலையை நோக்கி ஓடிவந்தது. பந்து எழும்பியது, தடுமாறியது, வலையின் மேல் நாடாவில் உட்கார்ந்து ஒரு நொடி யோசித்தது, பிறகு அவர் பக்கமே விழுந்து செத்துப்போயிற்று.

பாயின்ட் அவளுக்கு. அவளுடைய பொம்மை வலைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. ஏமாந்து ஓடிவந்தவளை அங்கே பார்த்தார் அவர். வலையைப் பார்த்தார். வாயின் நல்ல பக்கம் மேலே ஏறியது. "பஸ்ஸு..." என்றார். எச்சில் விழுங்கினார். அவள் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். "பஸ்ஸு... பிரேக்... டவுனு."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவள் தொண்டையிலிருந்து வெடித்து வந்த சத்தத்தில் ஹெப்சி வென்னீர்ப் பையோடு ஓடிவந்தாள். "என்னாச்சு ஆன்ட்டி?" திரையைப் பார்த்தாள். "ஐயையோ, இத யாரு மாத்துனது? அங்கிள் ஸ்கோரு எல்லாம் போச்சே." பாக்கியசீலி எழுந்திருக்கப் பார்த்தாள், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் "நா...ந்தான்" என்றார் ஜெயசிங். பொய்யைக் கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார். டிப்போவில் எத்தனை கண்டக்டர்களைக் காப்பாற்றின வாய். ஹெப்சி பதில் சொல்ல வந்தவள், கன்ட்ரோலரின்மேல் மடங்கியிருந்த வலது கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். வென்னீர்ப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்தாள், பிடிக்காமல், விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். "நேரமாச்சுன்னா ஆகட்டும். இன்னொண்ணு போடுங்க அங்கிள்" என்றாள். "இன்...னொண்ணு" என்று அவரும் சொன்னார், கேட்கவில்லை, உத்தரவு போட்டார்.

கட்டைவிரல் அழுத்தியது. பந்து மேலே போயிற்று, இந்தத் தடவை நேரத்துக்குப் பட்டது, வலையை ஒட்டிக்கொண்டு தாண்டி வந்தது. பாக்கியசீலி அவர் பொம்மை எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். வலது ஓரத்தில், அசையாமல், தூங்குகிறவன் மாதிரி நின்றது. இடது பக்கம் முழுக்கக் காலி. வித்தையா, இல்லை, நிஜமாகவே முடியவில்லையா? கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு அவர் முகத்தைப் பிடித்துப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. பார்த்தால் பந்து போய்விடும். இயேசப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, வட்டத்தை அழுத்தி, அவருக்கு எட்டவே எட்டாத இடது மூலையைப் பார்த்து இரக்கமில்லாமல் அடித்தாள். நீலச் சட்டை ஓடியது. நிஜமாகவே ஓடியது. ஒரு கை நீளத்துக்குத் தவறவிட்டது. பந்து கோட்டுக்குள் குத்திவிட்டு வெளியே போயிற்று.

"பஸ் போயிட்டு அத்தான்" என்றாள் பாக்கியசீலி.

இந்தத் தடவை அவர் திரும்பிப் பார்த்தார். அடிக்க வருகிறவர் மாதிரிப் பார்த்தார்.